பதினோராவது தயிர்ச்சட்டி

பாலாவிச் சந்தியில் என் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டடிக்கு ஆறடி. சீமெந்து லொறி கடந்து போகும்போது கன்னம் உப்பும், போனதும் ஒட்டிப்போகும். அடையாள அட்டைக்கு எடுத்த படம். அந்த மாதிரிப் படத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் எவனுக்கும் பொலிஸ் தேடுகிற ஆளின் களை வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே வந்திருந்தது.

முகத்துக்குக் கீழே சிவப்பு எழுத்து: "உலகில் முதன்முறை! மனிதனை விஞ்சிய மாம்புரிக் கொடி! 60 நிறமூர்த்தங்களைக் கண்டறிந்த எங்கள் ஸலாஹுதீன் ஆசிரியருக்குப் பாராட்டு விழா. சனிக்கிழமை பி.ப. 4.30."

இன்று சனிக்கிழமை. காலை ஆறேகால். நான் மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்தபடி என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுப் பைக்குள் குளிக்கிற துவாயில் சுற்றிய நுணுக்குக்காட்டி. சட்டைப் பைக்குள் கைத்தொலைபேசி. அதில் சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது கண்ட செய்தி. அனுப்பியவர் கலாநிதி அஸ்ரியா. என் ஆராய்ச்சியின் மேற்பார்வையாளர், என்னைவிட ஒன்பது வயது இளையவர்.

"வேர் நுனி எண்ணிக்கை பார்த்தேன். மொட்டைப் பார்த்தீர்களா? பார்க்காமல் வெளியே சொல்ல வேண்டாம்."

வெளியே சொல்ல வேண்டாமாம். பேனர் தொங்கி மூன்று நாளாகிறது.

மொட்டை நான் பார்க்கவில்லை. அதுதான் விஷயம்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். நாற்பத்தொரு வயதில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்தேன், இப்போது நாற்பத்தேழு. தலைப்பு: சிலாபம் முதல் கற்பிட்டி வரை கடற்கரை அடம்பன் கொடியின் பரம்பலும் நிறமூர்த்த எண்ணிக்கையும். அடம்பனை எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ, மணலைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். அதன் விதை கடலில் மிதந்து போகும். வெப்ப நாடுகளின் கரைகளிலெல்லாம் விசாவும் கடவுச்சீட்டும் இல்லாமல் குடியேறிய கொடி அது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் முப்பது நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், என்று புத்தகங்கள் சொல்கின்றன. பதினொரு கரையில் அதை எண்ணிப்பார்த்து, ஓம் முப்பதுதான் என்று எழுதிக்கொடுப்பதே என் வேலை.

"முப்பதெண்டு தெரிஞ்சத முப்பதெண்டு சொல்ல ஆறு வருசமா?" என்று என் மனைவி ரம்ஸியா ஒருநாள் கேட்டாள். நான் அதற்கு விளக்கம் சொன்னேன். அவள் விளக்கம் முடிவதற்குள் அரிசி கழுவி உலையும் வைத்துவிட்டாள்.

பத்துக் கரையில் முப்பது. பதினோராவது கரை மாம்புரி. அங்கே அறுபது.

அதைக் கண்ட அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் சொன்னேன். அங்கிருந்து அது எப்படியோ நலன்புரிச் சங்கத் தலைவர் இஸ்ஹாக் ஹாஜியாரின் காதுக்குப் போய்விட்டது. அவருக்கு யாரையாவது பாராட்டாவிட்டால் சாப்பாடு செமிக்காது. போன வருடம் ஓய்வுபெறாத தபால்காரர் ஒருவருக்கு ஓய்வு விழா வைத்தவர்.

"மாஸ்டர், மனுசனுக்கு எத்தன?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"நாற்பத்தாறு, ஹாஜியார்."

"கொடிக்கு அறுபது! அப்ப மனுசன மிஞ்சிட்டு."

"அப்படி இல்ல ஹாஜியார். உருளைக்கிழங்குக்கே நாற்பத்தெட்டு. நம்மட ரோட்டில நிக்கிற கழுதைக்கு அறுபத்திரண்டு."

"அதெல்லாம் பேனர்ல போட ஏலா" என்று வைத்துவிட்டார்.

காலையில் நான் நுணுக்குக்காட்டியைத் துவாயில் சுற்றும்போது ரம்ஸியா கதவில் சாய்ந்து நின்றாள்.

"இண்டைக்கு விழா. மாப்பிள்ளை எங்க ஓடுறார்?"

"மாம்புரிக்கு. ஒரு மொட்டுப் பார்க்கணும்."

"பூக் கேட்டா வாங்கித் தாறதில்ல. மொட்டுப் பார்க்க இருபது கிலோமீற்றர்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "என்ன, கணக்குப் பிழச்சிட்டா?"

"தெரியா."

"துவாயத் திருப்பிக் கொண்டு வாங்க" என்றாள். அவளுக்கு என்னைப் பற்றிப் பயம் வரும்போது பாத்திரம் பண்டம் பற்றித்தான் பேச்சு வரும்.

உப்பளங்களைத் தாண்டி, கற்பிட்டி வீதியில் ஏறினேன். நுரைச்சோலைக்கு முன்னால் கழுதைக் கூட்டம் ஒன்று நடுவீதியில் நின்றது. ஹோர்ன் அடித்தேன். அறுபத்திரண்டு நிறமூர்த்தத்துக்கு உரிய மிடுக்கோடு ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. எனக்கு இருந்த அவசரத்தில் இறங்கி அதன் காலில் விழுந்திருப்பேன்.

வேலை நடக்கும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் அடம்பன் வேரைத் தோண்டினால் நுனி மணலிலேயே அறுந்துபோகும். எண்ணுவதற்கு வேண்டியது அந்த நுனிதான். கலங்கள் பிரிவது அங்கேதான். ஆகவே கொடியின் கணுக்களை வெட்டி ஈர மணலில் புதைத்து வைப்பேன். சில நாளில் வெள்ளையாகப் புது வேர் வரும். காலை பத்து மணிக்கு அந்த நுனியை வெட்ட வேண்டும். பத்துக்கு முன்னால் கலங்கள் தூக்கம், பதினொன்றுக்குப் பிறகு அலுப்பு. சுத்தமான அரசாங்க உத்தியோகத்தர்கள். வெட்டிய நுனியைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, வழுக்கி என்கிற கண்ணாடித் துண்டில் கிடத்தி, மெல்லிய கண்ணாடியால் மூடி, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் தட்டி, கடைசியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. விரல் நூலளவு நழுவினாலும் நிறமூர்த்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஆறு வருடமாக என் கட்டைவிரல் சிவப்பு. பெருநாள் வராமலே மருதாணி போட்ட ஒரே ஆம்பிளை என்று ரம்ஸியா என்னை அறிமுகப்படுத்துவாள்.

கணுக்களைப் புதைக்கத் தயிர்ச்சட்டிகள். எருமைத் தயிர் வரும் மண்சட்டிதான். அறிவியலுக்காக என் குடும்பம் தின்ற தயிர் கொஞ்சமில்லை. பதினொரு கரைக்குப் பதினொரு சட்டி சேர்த்தோம். பதினோராவது சட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி மாம்புரிக்குக் கொண்டு போனபோது, இதே வீதியில், இதே கழுதைகளுக்காகப் பிரேக் பிடித்தேன். சட்டி உடைந்தது.

அன்று, மாம்புரியில் அந்தக் கொடி படர்ந்த நிலத்தின் சொந்தக்காரர் யோசேப்பண்ணன்தான் சொன்னார்: "ஒரு சட்டிக்கா சேர் திரும்பிப் போகப் போறீங்க? நான் ஒண்டு வெட்டித் தாறன்."

இந்த நினைப்பு அந்த நேரம் என் மண்டைக்குள் வந்தது, போனது. நிற்கவில்லை.

யோசேப்பண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அரை நாள் கடல், அரை நாள் வெங்காயம். அவருடைய மகள் றஜிதா என்னிடம் உயிரியல் படித்தாள். இப்போது இத்தாலியில் இருக்கிறாள். அந்த உறவில் என்னைச் சேர் என்பார். வீட்டுக்குப் பின்னால் வெங்காயப் பாத்தி, அதைத் தாண்டி மணல்மேடு, அதில் அடம்பன். அறுபது என்று நான் சொன்ன நாளிலிருந்து அந்த இடத்துக்கு அவர் பனைமட்டையால் வேலி போட்டிருந்தார். ஆடு வராமல் இருக்க. ஆடு அடம்பனைப் பெரிதாகச் சட்டை செய்வதில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வாங்க, வாங்க! விழா நாலரைக்கெண்டுதானே சொன்னாங்க?" முற்றத்தில் நின்றவர் ஓடிவந்தார். உள்ளே கதிரையின் முதுகில் அவருடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது. ஹாஜியார் இரண்டு பொன்னாடைக்குச் சொல்லியிருந்தார். ஒன்று எனக்கு, ஒன்று கொடி வளர்ந்த நிலத்துக்காரருக்கு.

"சின்னதா ஒரு வேலை, அண்ணே. மொட்டு வேணும். சின்ன மொட்டு. அரிசியளவு."

"மொட்டா? கோயில் பாதர் பூசையில சொன்னதிலயிருந்து ஆளாளுக்கு வந்து பூவோட படம் எடுக்கிறாங்கள். மொட்டுக் கேட்டு வாற முதல் ஆள் நீங்கதான்."

பத்து மொட்டுப் பறித்தோம். சமையலறை யன்னலோரம் மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்தேன். பழைய வகை; கீழே கண்ணாடி, அதை வெயிலுக்குத் திருப்ப வேண்டும். யோசேப்பண்ணனின் மனைவி இசபெல் அக்கா பாணும் சம்பலும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தார். நான் மகரந்தக்கூட்டை ஊசியால் கிழித்துச் சாயத்தில் போட்டேன். முதல் இரண்டு வழுக்கியும் நசுங்கிப் போயின.

மொட்டுக்குள் மகரந்தம் உண்டாகிற நேரத்தில் நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக நிற்கும். முப்பது உள்ள கொடியில் பதினைந்து சோடி. அறுபது உள்ள கொடியென்றால் முப்பது சோடி, இல்லாவிட்டால் நாலு நாலாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கலியாண வீட்டுக் குழப்பம்.

"தெரியுதா சேர்?"

"அண்ணே, உங்கட தலை வெயில மறைக்குது."

தலை விலகியது. வட்டம் வெளிச்சமானது. ஒரு கலம், சிவப்புப் புள்ளிகள் நன்றாக விரிந்து. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். வேறு கலம். வேறு வழுக்கி, வேறு மொட்டு. ஏழு கலம் எண்ணினேன். தேநீர் ஆறிப்போய்விட்டது.

"எத்தன?"

"பதினஞ்சு."

"இது சோடிக்கணக்கெண்டு சொன்னீங்க?"

"ஓம்."

யோசேப்பண்ணன் மீன் தராசு பிடித்த மனிதர். கணக்கு அவருக்கு உடனே வந்துவிடும். "அப்ப முப்பது வரணுமே, சேர்."

"வரல்ல, அண்ணே."

இசபெல் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. யாருடைய முகத்தையோ பார்த்துப் போட்டார். என் முகமாக இருக்கலாம்.

கொடி முப்பதுதான். எல்லாக் கரையையும் போல. அப்படியானால் வேரில் மட்டும் அறுபது எங்கிருந்து வந்தது? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பிறகுதான் உடைந்த சட்டி நினைவுக்கு வந்து நின்றது.

"அண்ணே, அண்டைக்கு எனக்கு எதை வெட்டித் தந்தீங்க?"

"கேன் ஒண்டு. நீலக் கேன். அடிப்பாதி உங்களுக்கு, மேல்பாதி எனக்கு. நான் அத எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊத்தப் புனலா வச்சிருக்கிறன்."

"அத ஒருக்கா காட்டுங்க."

கரையில் இழுத்து வைத்திருந்த படகுக்குள் இருந்தது. லேபிளில் பாதி மிச்சம். வாடிப்போன புல்லின் படம். வெங்காயப் பாத்தியில் புல் முளைக்காமல் தடுக்கிற மருந்து. அந்த வகை மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வேர் நுனியில் கலம் பிரியத் தொடங்கும், நிறமூர்த்தங்கள் இரட்டிக்கும், ஆனால் மருந்து நடுவில் புகுந்து கலத்தை இரண்டாகப் பிரிய விடாது. முப்பது அறுபதாகி அதே அறைக்குள் நெருக்கியடித்து நிற்கும். வேர் நுனி உருண்டு பருக்கும். எஞ்சிய கொடிக்கு அது தெரியவே தெரியாது.

மாம்புரி வேர் நுனிகள் பருத்திருந்தன. அதைக் கண்டு நான் பூரித்துப்போயிருந்தேன். இரட்டை நிறமூர்த்தம், இரட்டைப் பலம் என்று குறிப்புக் கொப்பியில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன்.

யோசேப்பண்ணனிடம் சொன்னேன். முடிந்தவரை மெல்லச் சொன்னேன். அவர் கேனின் மேல்பாதியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கழுவினன், சேர். மணல் போட்டுத் தேச்சு, ரெண்டு தரம் கழுவினன்."

"அது கழுவிப் போறதில்ல, அண்ணே. பிளாஸ்டிக்கில ஒட்டிக்கிடக்கும்."

"என்ட கையால…" அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "உங்கட பேர் போகப் போகுதே. ஆறு வருசம் எண்டீங்க. நான் ஒரு சட்டி வாங்கித் தந்திருக்கலாம். சந்திக் கடையில வச்சிருக்கிறானே."

அவருடைய கண் கலங்கியது. மின்சாரக் காற்றாடிகள் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நேரம் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்ல, அண்ணே" என்று மட்டும் சொன்னேன். பெருந்தன்மையான குரலில் சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

சொல்லாத வாக்கியம் இதுதான்: முப்பதும் இருந்தது.

மாம்புரி வேரில் மருந்து படாத கலங்களும் இருந்தன. முப்பது முப்பதாக, தெளிவாக. நான் பார்த்தேன். பார்த்து, இது நசுங்கிய கலம், பாதி வெளியே சிந்திவிட்டது, சாயம் சரியில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிவிட்டு, அறுபது உள்ள கலங்களை மட்டும் எழுதினேன். கள்ளம் செய்கிறேன் என்று நினைத்துச் செய்யவில்லை. ஐந்தரை வருடம் முப்பது எண்ணிய மனிதன் ஒருநாள் அறுபதைக் கண்டால், அதற்குப் பிறகு முப்பது அவன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும். ஆனாலும் பார்த்தேன். கேன் என்னை ஏமாற்றியது பாதி. மீதியை நானே செய்துகொண்டேன்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது தலைக்குள் ஒரு வழக்கறிஞர் ஏறி உட்கார்ந்துகொண்டார். கேன் போதுமே, என்றார். பாத்திரத்தால் வந்த தவறு. உலகத்தில் எத்தனை ஆய்வுகூடங்களில் நடக்கிறது. விஞ்ஞானியே முன்வந்து திருத்திக்கொண்டான் என்று இன்னும் பேர் கிடைக்கும். நான் அவரை இறக்கிவிட நுரைச்சோலையில் நின்றேன், உப்பளத்துப் பக்கம் நின்றேன். இறங்கவில்லை. பாலாவிச் சந்தியில் என் முகம் அவருக்குச் சார்பாகக் கன்னத்தை உப்பியது.

ஹாஜியாருக்கு எடுத்தேன். "ஹாஜியார், விழாவ நிப்பாட்டணும். ஒரு பிழை வந்திரிக்கி."

"எவ்வளவு பிழை?"

"அறுபதில்ல. முப்பது."

"அப்ப பாதி சரிதானே, மாஸ்டர்!"

"பாதி சரியெண்டு ஒண்டு இதில இல்ல, ஹாஜியார்."

"வட்டிலப்பம் வந்திட்டு. முந்நூறு கதிர போட்டாச்சு. பிரதேச செயலகத்தில இருந்து ஆள் வருது. நீங்க வந்து மேடையில நின்டு என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்க. வராம மட்டும் இரிக்காதீங்க."

வீட்டில் துவாயைத் திருப்பிக் கொடுத்தேன். ரம்ஸியா முழுக் கதையையும் கேட்டாள். வாக்கியத்தையும் சொன்னேன், அவளிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை, திறமையும் இல்லை.

"யோசேப்பு நானாக்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் துவாயை உதறித் துணிக்கொடியில் போட்டாள்.

நாலரைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. வட்டிலப்பத்தின் கருப்பட்டி இனிப்பு மணம் முன்வரிசை வரை வந்தது. யோசேப்பண்ணனும் இசபெல் அக்காவும் முதல் வரிசையில். வெள்ளைச் சட்டை. அவருடைய மடியில் ஒரு பை. நான் மேடையில் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்தேன்; காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மடக்கினேன், நீட்டினேன். ஹாஜியார் பொன்னாடையைக் கையில் வைத்தபடி என்னைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அந்த மனிதரை எனக்கும் ஒருமுறை சந்திக்க வேண்டும் போலிருந்தது.

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது.

"அறுபது என்று நான் சொன்னது பிழை" என்றேன். "இன்று காலை மொட்டில் எண்ணினேன். மாம்புரிக் கொடிக்கும் முப்பதுதான். வேர் நுனியில் ஒரு மருந்து பட்டு எண்ணிக்கை இரட்டித்திருக்கிறது."

மண்டபத்தில் சலசலப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப மனுசன விடக் குறைவா?" சிரிப்பு. அந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கலாம். வழக்கறிஞர் என் தோளைத் தட்டிக் கதிரையைக் காட்டினார்.

அப்போது யோசேப்பண்ணன் எழுந்தார். பைக்குள்ளிருந்து கேனின் மேல்பாதியை எடுத்து எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தார்.

"சேர்ல பிழை இல்ல. நான் குடுத்த கேனில மருந்து இருந்தது. நான்தான் வெட்டிக் குடுத்தன். நான்தான் சரியாக் கழுவயில்ல. என்னால வந்தது. அவர ஒருத்தரும் குறை சொல்லாதீங்க."

ஒலிவாங்கி இல்லாமலே அவருடைய குரல் கடைசி வரிசை வரை போனது. அலைக்கு மேலே கத்திப் பழகிய குரல். யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பொன்னாடையும் வீணாகப் போகாது என்ற முகத்தோடு முன்னால் வந்தார்.

பெண்கள் பக்கத்தில் ரம்ஸியா கை தட்டவில்லை. முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நில்லுங்க, ஹாஜியார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்ட வைத்தேன். "கேன் பொய் சொல்லல்ல. அதில் முப்பதும் இருந்தது. நிறைய இருந்தது. நான் கண்டேன். கண்டும் தள்ளிவிட்டேன். அறுபது வேணும் என்று எனக்கு ஆசை. யோசேப்பண்ணன் தந்தது ஒரு கேன். எண்ணினது நான். பிழை முழுக்க என்னுடையது."

இம்முறை யாரும் கை தட்டவில்லை. பொன்னாடை ஹாஜியாரின் இரண்டு கைக்கும் நடுவில் தொங்கியது; போடுவதா மடிப்பதா என்று அவர் செயலகத்து ஆளைப் பார்த்தார். செயலகத்து ஆள் தன் கைத்தொலைபேசியைப் பார்த்தார்.

யோசேப்பண்ணன் கேனை மெல்லப் பைக்குள் வைத்தார். மேடைக்குக் கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"காலையிலயே இது தெரியுமா?"

"தெரியும்."

"நான் மணலில இருந்து அழுதனே, அப்பவும் தெரியுமா?"

"ஓம், அண்ணே."

"அப்பவே சொல்லியிருக்கலாம், சேர்." அவ்வளவுதான். இசபெல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வட்டிலப்பம் தொடாமல்.

அன்று இரவு அஸ்ரியாவுக்கு முழுதும் எழுதினேன். மொட்டு, கேன், தள்ளிவிட்ட கலங்கள். பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "வழுக்கிகளை எறிந்துவிடவில்லையே? முப்பதுகளையும் எண்ணி எழுதுங்கள். மாம்புரியை மறுபடி செய்யுங்கள்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஒரு கிழமை தயிர் தின்றோம். ஒரு சட்டிக்கு ஒரு கிழமை தேவையில்லை. ஆனால் எனக்கு மாம்புரிக்குப் போகப் பயமாக இருந்தது. தயிரை மெதுவாகத் தின்றேன். ரம்ஸியா கடைசிக் கரண்டியை என் வாயிலிருந்து பிடுங்காத குறையாகச் சட்டியைக் காலி செய்தாள். "இனிப் போங்க."

இம்முறை கழுதைகளுக்கு முன்னால் இறங்கி, சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, மோட்டார் சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு கடந்தேன். ஒரு லொறிச் சாரதி தலையை வெளியே நீட்டி, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டான்.

யோசேப்பண்ணன் கிணற்றடியில் நின்றார். அறுவடை செய்த வெங்காயம் முற்றத்தில் குவிந்திருந்தது. அதன்மேல் மழைக்கு மூடியிருந்தது என் பேனர். ஹாஜியார் கொடுத்திருக்க வேண்டும். என் நெற்றியில் நாலு கல், வாயில் ஒரு கல். கொடியைச் சுற்றி வேலி இன்னும் இருந்தது.

"அண்ணே" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"மறுபடி செய்யச் சொல்லியிருக்காங்க. தயிர்ச்சட்டி கொண்டு வந்திருக்கிறன். மணல் எடுக்க வேணும். நீங்க வேணாமெண்டா போறன்."

வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். இழுத்தார். கிணற்றடிக் கல்லில் வைத்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"நான் கழுவமாட்டன்" என்றார். "நீங்களே கழுவுங்க. என்ட கண்ணுக்கு முன்னால."

மண்சட்டி. தயிரைத் தவிர ஒன்றும் தொடாதது. வீட்டில் ரம்ஸியா ஏற்கெனவே கழுவியது. அதைச் சொல்ல வாய் எடுத்து, மூடிக்கொண்டேன். குந்தினேன். மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். சிவந்த கட்டைவிரலால் விளிம்பு, அடி, உள்பக்கம் எல்லாம் தேய்த்து ஊற்றினேன்.

"ஒண்டு" என்றார் யோசேப்பண்ணன், கையைக் கட்டிக்கொண்டு.

மறுபடி தேய்த்து ஊற்றினேன்.

"ரெண்டு."

நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வாளி காலியாகியிருந்தது. அவர் குனிந்து வாளியை எடுத்து மறுபடி கிணற்றுக்குள் விட்டார்.

"என்ன பார்க்கிறீங்க? நான் ரெண்டோட நிப்பாட்டினதாலதான் இவ்வளவும். தேயுங்க."

தேய்த்தேன்.